தறிக்குழியில் காலைக் கடித்த பூனை

பூனையின் பெயர் கடுகு. ஆண், கருத்தடை செய்யாதது, வயது இரண்டரைக்குப் பக்கம். சாம்பல் உடம்பில் கருவரி, எடை 3.4 கிலோ. வீடு குடியாத்தத்தில், லுங்கி நெய்கிற குடும்பம். கூடத்திலேயே குழித்தறி போட்டிருக்கிறார்கள். நெசவாளர், அவர் மனைவி, பள்ளிக்கூடம் போகிற மகளும் மகனும், பிள்ளைகளின் ஆயா என்று ஐந்து பேர். அவர்கள் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன்.

வேலூரில் இருக்கும் என் கால்நடை கிளினிக்குக்குக் கோணிப்பையில் கட்டித்தான் அதைக் கொண்டுவந்தார்கள். புகார் ஒன்றிரண்டோடு நிற்கவில்லை. தறியில் உட்கார்ந்தால் குதிகாலைக் கடிக்கிறது. தறியில் நீளவாக்கில் கட்டியிருக்கும் பாவு நூலைப் பிறாண்டுகிறது. தறிக்காலில் மூத்திரம் அடிக்கிறது. விடியற்காலை நாலரைக்கே வீட்டை எழுப்பிவிடுகிறது. ஓணானைக் குற்றுயிராகக் கவ்விக்கொண்டுவந்து ஆயாவின் பாயில் போடுகிறது. கடைசியாக, முந்தின நாள் சாயங்காலம் ஜன்னலோரம் துணி மடித்துக்கொண்டிருந்த நெசவாளர் மனைவியின் முன்கையில் பாய்ந்து நாலு இடத்தில் பல் பதித்துவிட்டது. அவர் அதைத் தொடக்கூட இல்லை.

ஆயாவுக்குக் காரணத்தில் சந்தேகமே இல்லை. “தொடப்பக்கட்டையால ரெண்டு போட்டேன்ப்பா. அத்த மனசுல வெச்சிகினு பழி வாங்குது” என்றார். நெசவாளருக்கு வேறு கணக்கு. மோர்தானா காட்டுப் பக்கத்துக் காட்டுப்பூனையின் கலப்பு, அதனால்தான் இந்த மூர்க்கம் என்று நம்பினார். “ஊசி எதுனா கீதா சார்? இல்லன்னா ஆத்துக்கு அந்தாண்ட வுட்டுட்டு வந்துர்றோம்.”

பூனைக்கு முன்னால் அந்தக் கையைத்தான் பார்த்தேன். காயத்தில் மஞ்சளும் சுண்ணாம்பும் அப்பியிருந்தது. பூனைப்பல் மெல்லியது, கூரானது. தோலில் புள்ளி மாதிரிதான் தெரியும். உள்ளே ஆழமாகப் போய் பாஸ்டுரெல்லா போன்ற கிருமிகளை இறக்கிவிடும், ஒரே நாளில் கை வீங்கிவிடும். அதைவிடப் பெரிய கவலை ரேபிஸ். நாய் கடித்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிற நம் ஜனங்கள் பூனை கடித்தால் ஓடுவதில்லை. ஓடத்தான் வேண்டும். கடிவாயைச் சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவ வேண்டும். ரத்தம் வந்த கடி என்றால் தடுப்பூசியோடு காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் போடுவார்கள். தோலுக்குள் போடுகிற தடுப்பூசி 0, 3, 7, 28 ஆகிய நாட்களில். அரசு மருத்துவமனைக்கு அன்றைக்கே அனுப்பிவைத்தேன். குதிகாலில் பழைய கடிகள் இருந்ததால் நெசவாளரையும் சேர்த்து.

கடுகுக்கு ரேபிஸ் ஊசி போட்டதே இல்லை. கடித்த பூனையைப் பத்து நாள் கண்ணெதிரே வைத்துப் பார்க்க வேண்டும். அதற்குள் நோய்க்குறி வந்தால் கதையே வேறு. ஆகவே ஆற்றுக்கு அப்பால் விடுகிற பேச்சு அப்போதைக்கு நின்றது. பசியிலும் தாகத்திலும் வாடும்படி வளர்ப்பு விலங்கைக் கைவிடுவது 1960 ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம் என்பதையும் சொன்னேன். வீட்டில் வளர்ந்த பூனையைத் தெரியாத இடத்தில் விட்டால் அங்கே ஏற்கனவே எல்லை பிடித்திருக்கிற பூனைகள் அதை நிம்மதியாகத் தின்னக்கூட விடாது.

பரிசோதனையில் பெரிதாக ஒன்றும் இல்லை. பல்லில் வலி இல்லை, மூட்டு சரி, காய்ச்சல் இல்லை. மூத்திரத்தில் ரத்தமோ படிகமோ இல்லை. இதை நான் விடாமல் பார்ப்பதற்குக் காரணம் உண்டு. ஆண்பூனைக்கு மூத்திரக்குழாய் மிகக் குறுகல். அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிர் போகும். கண்ட இடத்தில் மூத்திரம் போகிறது என்று வீட்டில் திட்டிக்கொண்டிருப்பார்கள், அது வலியில் முக்கிக்கொண்டிருக்கும். கடுகு விஷயத்தில் அப்படி இல்லை. நின்றபடி, வாலைச் செங்குத்தாகத் தூக்கி நடுங்கவைத்து, தறிக்காலில் கொஞ்சமாகப் பீய்ச்சுகிறது என்று பையன் செய்தே காட்டினான். குந்திப் போனால் அது மூத்திரம். நின்று பீய்ச்சினால் எல்லைக்குறி.

உடம்பில் கொஞ்சம் மெலிவு இருந்தது, மயிரில் பளபளப்பு இல்லை. என்ன போடுகிறீர்கள் என்று கேட்டேன். காலையும் ராத்திரியும் பால்சோறு, வாரத்தில் ஒருநாள் கருவாட்டுத் தலை. நம் ஊர்ப் பூனைகளில் முக்கால்வாசி இப்படித்தான் வளர்கிறது. பூனை கட்டாய ஊனுண்ணி. டாரின் என்ற அமினோ அமிலத்தைத் தனக்குத் தேவையான அளவு அதன் உடம்பால் செய்துகொள்ள முடியாது. இறைச்சியிலிருந்துதான் வர வேண்டும். அது குறைந்தால் விழித்திரை கெடும், இதயத்தசை தளரும். இந்த இதயநோய்க்கும் டாரினுக்கும் உள்ள தொடர்பு 1987 இல்தான் தெளிவாயிற்று. சோற்றில் டாரின் இல்லை. வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பாலும் செரிக்காது.

காட்டுப்பூனைக் கலப்பு என்ற சந்தேகத்தையும் அங்கேயே முடித்துவைத்தேன். குடியாத்தம், பேரணாம்பட்டுப் பக்கம் கரும்புத் தோட்டத்திலும் ஏரிக்கரைப் புதரிலும் காட்டுப்பூனை உண்டுதான். அது உயரமான காலும் குட்டை வாலுமாக இருக்கும், காது நுனியில் மயிர்க் குஞ்சம் நிற்கும். கடுகுக்கு நீண்ட வால், சாதாரண காது. இன்னொன்று, வீட்டுப்பூனை நம் காட்டுப்பூனையின் வாரிசே இல்லை. மேற்காசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் திரிகிற ஃபெலிஸ் லிபிகா என்ற வேறொரு காட்டினம்தான் எல்லா வீட்டுப்பூனைக்கும் மூதாதை என்று 2007 இல் மரபணு ஆய்வில் உறுதியானது. சைப்ரஸ் தீவில் மனிதனுக்குப் பக்கத்தில் புதைத்த பூனை ஒன்று கிடைத்திருக்கிறது. வயது சுமார் 9,500 ஆண்டு. தானியம் சேர்ந்த இடத்துக்கு எலி வந்தது, எலிக்குப் பின்னால் பூனை வந்தது. மாட்டையும் நாயையும் நமக்கு வேண்டியபடி தேர்ந்தெடுத்து இனப்பெருக்கினோம். பூனையை அதன் வேலையைச் செய்யவிட்டோம், அவ்வளவுதான். அதனால் அது நம்மோடு படுத்துத் தூங்கக் கற்றுக்கொண்டதே தவிர, வேட்டைக்காரனாக இருப்பதை விடவில்லை. கடுகுக்குள் காடு இருக்கிறது என்று நெசவாளர் சொன்னது ஒரு வகையில் சரி. ஆனால் அது எல்லாப் பூனைக்குள்ளும் இருக்கிற காடு.

குழிக்குள் பார்த்தது

கிளினிக் மேஜையில் எந்தப் பூனையும் தன் குணத்தைக் காட்டாது. அதனால் ஒரு சாயங்காலம் குடியாத்தம் போனேன்.

குழித்தறியைப் பார்க்காதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். தரையில் குழி தோண்டி, நெசவாளர் அதன் விளிம்பில் உட்கார்ந்து காலை உள்ளே தொங்கவிட்டிருப்பார். குழிக்குள் மிதிகட்டைகள். இடது கால் இறங்கினால் பாவில் ஒரு பாதி நூல் மேலே போகும், குறுக்கு நூலை இழுத்துப் போகிற நாடா இப்படி ஓடும். வலது கால் இறங்கினால் மறுபாதி, நாடா அப்படி ஓடும். மேலே வெளிச்சம், கீழே இருட்டு. அந்த இருட்டில் இரண்டு வெறுங்கால்கள் நின்று நின்று அசைகின்றன.

ஆறு மணி வாக்கில் நெசவாளர் உட்கார்ந்தார். கடுகு அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து வந்தது. நேராக வரவில்லை, சுவரை ஒட்டி, வயிறு தரையில் படும்படி நகர்ந்து குழியின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது. கண்மணி முழுக்க விரிந்து கண்ணே கருப்பாகிவிட்டது. தலை அசையவே இல்லை. கால் நின்றால் அதுவும் உறைந்து நிற்கும். கால் அசைந்தால் அதன் வால் நுனி மட்டும் துடிக்கும். பிறகு பின்னங்காலை மாற்றி மாற்றி ஊன்றி இடுப்பை ஆட்டியது. மீசை முன்னுக்கு விரிந்தது. அடுத்த மிதிக்குக் குதிகால் மேலே எழும்பியதும் ஒரே பாய்ச்சல். முன்னங்கால் இரண்டாலும் கணுக்காலைக் கட்டிப்பிடித்து, பின்னங்காலால் உதைத்து, குதிகாலுக்கு மேல் நரம்பில் பல்லை வைத்தது. நெசவாளர் காலை உதறிக் கத்தினார். அது ஓடி அலமாரி மேல் ஏறி உட்கார்ந்துகொண்டது. காது மடங்கவில்லை, சீறவில்லை, உறுமவில்லை.

கோபம் கொண்ட பூனை சத்தம் போடும், மயிரைச் சிலிர்க்கும், உடம்பைப் பெரிதாக்கிக் காட்டும். எதிரி விலகிப் போனால் அதற்குப் போதும். வேட்டையாடும் பூனை சத்தமே போடாது, உடம்பைச் சின்னதாக்கிக்கொள்ளும். குழியில் நான் பார்த்தது முழுக்க முழுக்க வேட்டை. பார்ப்பது, பதுங்குவது, பாய்வது, பிடிப்பது, கடிப்பது என்று வரிசை பிசகாமல் வந்தது. பழி வாங்குவதற்கான ஒரு அறிகுறியும் அதில் இல்லை. ஆயா பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, “எலியப் புடிக்கிற மாதிரியே கீதேப்பா” என்றார். அதைத்தான் நானும் சொல்ல வந்தேன்.

அந்த நேரமும் அந்த இடமும் பூனையின் கண்ணுக்கென்றே அமைந்தவை. அந்தியிலும் விடியலிலும் எலி நடமாடும், அதனால் பூனையும் அப்போதுதான் சுறுசுறுப்பாகும். நாலரைக்கு எழுப்புவதும் இதே கணக்கு. அதன் கண் மங்கல் வெளிச்சத்தில் அசைவைப் பிடிப்பதில் நம்மைவிடப் பல மடங்கு கெட்டி. கிட்டத்தில் இருக்கும் பொருளைத் தெளிவாகப் பார்ப்பதில் மட்டம். முகத்துக்கு மிக அருகில் இரை வந்ததும் கண்ணை நம்பாமல் மீசையை முன்னுக்கு நீட்டித் தொட்டு அறிகிறது. நின்று நின்று அசையும் பொருள், இருட்டான பள்ளம், கயிறு இழுபடும் கிறீச்சொலி. எலி வளைக்கு இதைவிட நல்ல நகலைச் செய்துவைக்க முடியாது.

எலி போன பிறகு

வரலாற்றைத் துருவிக் கேட்டபோது மற்றது விளங்கியது. ஒரு அரிசி ஆலையிலிருந்து கடுகை எடுத்துவந்தபோது அதற்கு நாலு வாரம்கூட ஆகியிருக்காது. ஆயா விளக்குத் திரி மாதிரி துணியைப் பாலில் நனைத்து ஊட்டியிருக்கிறார். அந்த வயதில் கூடப்பிறந்த குட்டிகளோடு கடித்து விளையாடித்தான் எவ்வளவு அழுத்தினால் மற்றதற்கு வலிக்கும் என்று பூனை கற்றுக்கொள்ளும். இது தனிக்குட்டி. பிள்ளைகள் வேறு போர்வைக்குள் காலை அசைத்து அசைத்து அதைப் பாயவைத்து விளையாடியிருக்கிறார்கள். குட்டிப் பல் வலிக்காது, எல்லோரும் சிரிப்பார்கள். மனிதக் கால் என்பது பிடிக்க வேண்டிய பொருள் என்று அங்கேயே பதிந்துவிட்டது.

எடுத்துவந்த காரணம் எலி. பாவுக்குக் கஞ்சி போடுவார்கள்; கஞ்சி வாசத்துக்கு எலி வந்து நூலைக் கத்தரித்துவிடும். ஒரு பாவு போனால் பல நாள் கூலி போச்சு. முதல் ஒன்றரை வருஷம் கடுகு எலிகளை ஒழித்துக்கட்டியது, வீட்டில் அதற்கு ராஜமரியாதை. பிறகு ஓட்டுக்கூரையைப் பிரித்துத் தளம் போட்டார்கள். எலி மருந்தும் வைத்தார்கள். (எலி மருந்து தின்ற எலியைப் பூனை தின்றால் பூனைக்கும் ரத்தம் உறையாமல் போகலாம். பூனை இருக்கும் வீட்டில் அதை வைக்கவே கூடாது.) எலி நின்றது. சில மாதத்தில் காலைக் கடிப்பது தொடங்கியது. இந்த இரண்டையும் வீட்டில் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

“வயிறு ரொம்ப சோறு போட்டாலும் ஏன் சார் வேட்டைக்குப் போவுது?” என்று நெசவாளர் கேட்டார். நியாயமான கேள்வி. பூனைக்குப் பசியும் வேட்டையும் தனித்தனி. 1976 இல் வெளியான ஒரு ஆய்வில், பிடித்த உணவைத் தின்றுகொண்டிருந்த பூனைகளின் எதிரே எலியை விட்டார்கள். அவை தின்பதை நிறுத்தி எலியைக் கொன்று, அதைக் கொண்டுவந்து தட்டருகே போட்டுவிட்டு மறுபடி தட்டிலிருந்ததையே தின்றன. இதில் ஒரு தர்க்கம் இருக்கிறது. தனியாக வேட்டையாடும் இந்த விலங்குக்கு ஒரு நாளைக்குப் பத்து இருபது சிற்றிரைகள் வேண்டும். பாய்கிற பாய்ச்சலில் பாதிக்கு மேல் தவறும். பசி வந்த பிறகு கிளம்பலாம் என்று காத்திருந்தால் பட்டினிதான்.

ஓணான் விஷயமும் இதோடு சேர்ந்தது. பிடித்த இரையைப் பத்திரமான இடத்துக்குக் கொண்டுபோவது அதன் இயல்பு. வீட்டில் கடுகுக்கு மிகப் பத்திரமான இடம் ஆயாவின் பாய். தொடப்பக்கட்டை அடிக்குப் பிறகும் அது அங்கேதான் படுக்கிறது என்று மகள் சொன்னாள்.

அந்தக் கைக்கடி மட்டும் வேறு கதை. அதற்கான துப்பையும் மகள்தான் கொடுத்தாள். “ஒரு செவலப் பூன தெனம் சாயங்காலம் எதுர் செவுத்து மேல வந்து குந்தும் சார். கடுகு ஜன்னல்லேர்ந்து உர்ர்ருனு சொல்லினே இருக்கும்.” ஜன்னலுக்கு வெளியே சுவரில் ஆண்பூனை மூத்திர நெடி அடித்தது. தன் எல்லைக்குள் இன்னொரு ஆண் வந்து நிற்கிறான், நடுவில் கம்பி, போய்ச் சண்டை போட முடியவில்லை. உடம்பெல்லாம் முறுக்கேறி நிற்கிற அந்த நேரத்தில் பக்கத்தில் எது அசைந்தாலும் அதன் மேல்தான் பாயும். அம்மா லுங்கியை உதறி மடித்தார். திசைமாறிய ஆக்ரோஷம் என்று நாங்கள் சொல்வது இதைத்தான். உடைமையாளர்களை மிகவும் பயமுறுத்துவதும் இதுதான், காரணம் கண்ணில் படாததால். தறிக்காலில் பீய்ச்சியதும் அந்தச் செவலை வரத் தொடங்கிய பிறகுதான்.

செய்தது

பத்து நாள் கழிந்தது, கடுகு நன்றாகவே இருந்தது. ரேபிஸ் ஊசி போட்டுக் கருத்தடை அறுவை செய்தேன். கருத்தடைக்குப் பிறகு ஆண்பூனைகளில் பத்தில் ஒன்பது பீய்ச்சுவதை விட்டுவிடும் அல்லது மிகவும் குறைத்துக்கொள்ளும்; ஹார்மோன் வடிய சில வாரம் ஆகும். ஆனால் கருத்தடை வேட்டையைக் குறைக்காது. இதை வீட்டில் அழுத்திச் சொன்னேன், பிறகு ஏமாற்றமாக இருக்கக்கூடாது என்று.

தீனியை மாற்றினோம். கோழிக்கடையில் மலிவாகக் கிடைக்கும் இதயம், கொஞ்சம் ஈரல், மத்தி மீன் ஆகியவற்றை உப்பில்லாமல் வேகவைத்து, வேகவைத்த தண்ணீரோடு கொடுக்கச் சொன்னேன். டாரின் அந்தத் தண்ணீரில் இறங்கிவிடும். ஈரல் தினமும் கூடாது, வைட்டமின் ஏ மிஞ்சும். வெந்த எலும்பு எப்போதுமே கூடாது. இரண்டு வேளையை ஐந்தாறு சிறு வேளையாகப் பிரித்து, ஒரு பங்கை வீட்டில் அங்கங்கே ஒளித்துவைத்துத் தேடித் தின்ன விட்டார்கள். தென்மேற்கு இங்கிலாந்தில் நடந்து 2021 இல் வெளியான ஆய்வு ஒன்றில், இறைச்சிப் புரதம் மிகுந்த தீனிக்கு மாறிய பூனைகள் வீட்டுக்குக் கொண்டுவரும் இரை 36 சதவீதமும், தினம் ஐந்து பத்து நிமிடம் விளையாடவிட்ட பூனைகளின் இரை 25 சதவீதமும் குறைந்தன. நம் வீட்டிலும் செய்யக்கூடியவை இரண்டும்.

விளையாட்டு என்றதும் பையன் நாடாவில் வைக்கிற ஊடைநூல் சுற்றிய தார் ஒன்றை எடுத்து வந்தான். வாங்கி மேலே வைத்துவிட்டேன். நெசவு வீட்டில் பூனை வளர்ப்பவர்கள் இதை மட்டுமாவது மனதில் வைக்க வேண்டும். பூனை நாக்கில் உள்ள முட்கள் தொண்டையைப் பார்த்து வளைந்தவை. எலும்பிலிருந்து சதையை அராவ ஏற்பட்டவை. நூல் அதில் சிக்கினால் பூனையால் துப்ப முடியாது, விழுங்கத்தான் முடியும். ஒரு முனை நாக்கடியில் மாட்டிக்கொண்டு மறுமுனை குடலுக்குள் போனால், குடல் சுருங்கச் சுருங்க நூல் அதை அறுத்துவிடும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்காதீர்கள், அப்படியே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு வாருங்கள்.

நீளக் குச்சியின் முனையில் கோழியிறகைக் கெட்டியாகக் கட்டினோம். தறிக்கு உட்காருமுன் காலையிலும் சாயங்காலமும் பத்து நிமிடம். இறகு எலி மாதிரி ஓட வேண்டும்: பூனையை விட்டு விலகி, நின்று, மறைந்து, மறுபடி எட்டிப்பார்த்து. முகத்துக்கு நேரே ஆட்டினால் எந்த இரையும் அப்படி வராது என்று அதற்குத் தெரியும். கடைசியில் பிடிக்கவிட்டு, உடனே தீனி. பாய்ந்தது, பிடித்தது, தின்றது என்று வரிசை முடிந்தால் நக்கித் துடைத்துக்கொண்டு தூங்கப் போய்விடும். நெசவாளர் அந்தத் தூக்கத்தில் நெய்யலாம்.

மற்றவை சின்னச் சின்ன வேலைகள். குழியின் இரு பக்கத்தையும் பழைய கோணியால் மறைத்தார்கள், பதுங்க இடமில்லை. ஜன்னலின் கீழ்ப்பாதியைத் துணியால் மூடினார்கள், செவலை தெரியாது. அலமாரி மேல் நூல்கட்டு வந்த அட்டைப்பெட்டி ஒன்றைக் கவிழ்த்துப் படுக்கையாக்கினார்கள். தறிக்குப் பக்கத்தில் ஒரு கட்டைக்குத் தேங்காய்நார்க் கயிறு சுற்றி நட்டார்கள். பிறாண்டும்போது விரலிடுக்குச் சுரப்பியின் வாசம் அதில் படியும், பாவுக்குப் பதில் அதுவே அதன் முகவரி. மூத்திரம் அடித்த இடத்தை ஆயா கருப்பு பினாயிலால் கழுவிக்கொண்டிருந்தார். அதை நிறுத்தச் சொன்னேன். பினாயில் வகைகளைப் பூனையின் கல்லீரலால் முறிக்க முடியாது, காலை நக்கினாலே உள்ளே போய்விடும். அதே கோளாறால்தான் அரை பாராசிட்டமால் மாத்திரைகூடப் பூனையைக் கொன்றுவிடும். சோப்புத் தண்ணீரும் சமையல் சோடாவும் போதும். தொடப்பக்கட்டைக்கும் ஓய்வு. அடி வாங்கினால் பூனைக்கு ஆளைக் கண்டு பயம் வருமே ஒழிய, கால் அசைந்தால் பாய்கிற சுபாவம் போகாது.

பிறகு

குழிக்கடி இரண்டு மாதத்தில் ஏறக்குறைய நின்றுவிட்டது. ஏறக்குறைய என்று சொல்வது, விளையாட்டைத் தவறவிட்ட நாட்களில் கடுகு மறுபடி கோணிக்குப் பக்கத்தில் வந்து படுத்துக்கொள்வதால். நெசவாளர் இப்போது அதைப் பார்த்ததுமே எழுந்து குச்சியை எடுத்துவிடுகிறார். கைக்கடி திரும்ப வரவில்லை. எழுப்புகிற நேரம் நாலரையிலிருந்து ஐந்தரைக்கு வந்திருக்கிறது. அதற்குமேல் நான் உறுதி சொல்லவில்லை.

வைகாசி முதல் நாள் கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவின்போது ஒரு சறுக்கல். மேளமும் வெடியும் ஊர்க்கூட்டமும் சேர்ந்ததில் கடுகு பரணிலேயே ஒடுங்கிக் கிடந்து, வீட்டுக்கு விருந்தாளிகள் வந்த அன்று மறுபடி தறிக்காலில் பீய்ச்சியது. பயத்தில் இருக்கும் பூனை தன் வாசத்தைப் பூசித்தான் இடத்தைத் தன்னுடையதாக்கிக்கொள்ளும். திருவிழா முடிந்த வாரத்தில் அதுவாகவே சரியாயிற்று. அடுத்த வைகாசிக்கு முன்பே உள்ளறையில் பெட்டியும் தண்ணீரும் வைத்துக் கதவைச் சாத்தச் சொல்லியிருக்கிறேன்.

ஓணான் இன்னும் வருகிறது, முன்பைவிடக் குறைவாக. அணில் கிடைக்கும் விடியல் நேரத்தில் கடுகை வெளியே விடாமல் பார்த்துக்கொள்கிறார்கள். செவலையையும் கூண்டு வைத்துப் பிடித்துக் கருத்தடை செய்து அதே தெருவில் விட்டுவிடலாம் என்று பேசியிருக்கிறோம். அதற்குச் சோறு வைக்கிற வீட்டையும் மகள் கண்டுபிடித்துவிட்டாள்.

ஆயா போன முறை வந்தபோது, அதே ஆலையில் புதுக்குட்டிகள் இருப்பதாகவும் கடுகுக்குத் துணையாக ஒன்று எடுத்துவரவா என்றும் கேட்டார். எட்டு வாரம் ஆகும்வரை தாயிடமே இருக்கட்டும் ஆயா, முடிந்தால் கூடப்பிறந்ததோடு சோடியாக எடுங்கள், வந்த முதல் வாரம் வேறு அறையில் வைத்து வாசத்தை மட்டும் மாற்றி மாற்றிக் காட்டுங்கள் என்றேன். பிள்ளைகளிடம், காலை அசைத்து விளையாடக் கூடாது என்று அவர் அங்கேயே சத்தியம் வாங்கிக்கொண்டார்.